ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும்

நைனாவை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தபோது, தெருவுக்கு நான் சொன்ன காரணம் குரங்கு. சின்ன காஞ்சிபுரத்தில் குரங்கைக் காரணம் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. கோயில் மதிலிலிருந்து இறங்கி வந்து வடாம், துணி, சோப்பு என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போகிற கூட்டம் அது.

"நைனா அசந்து தூங்கிடறாருக்கா. குரங்கு உள்ள பூந்து சோத்த எடுத்துக்கினு போயிடுது. அதான் பூட்டிட்டுப் போறேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் வாசல் கூடத்தில் தறியில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினாள்.

எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கக் குரங்குக்குத் தெரியாது. நைனாவுக்குத்தான் தெரியும்.

நைனா அரசு பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் அம்மா போய்விட்டாள். அதன் பிறகு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். சாப்பிட்டது மறந்தது. அம்மா செத்தது மறந்தது. அதைத் தினமும் ஒரு தடவை நான் சொல்ல வேண்டியிருந்தது, அவரும் தினமும் புதிதாகக் கேட்டு அழுதார். கடைசியில் நான் மகள் என்பதும் விட்டு விட்டு மறந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால், "எங்கம்மா போணும்?" என்று டிக்கெட் கொடுப்பவர் போலக் கேட்பார். வேலை மட்டும் மறக்கவே இல்லை. காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கறுப்புக் கயிற்றில் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். பழைய சகாக்கள் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு நாள் எந்த வண்டியிலோ ஏறித் திருப்புட்குழியில் இறங்கிவிட்டார். அங்கே ஸ்டாப்பிங்கில் நின்று ஜனங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாராம். ஒரு கண்டக்டர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

"உங்க நைனா அங்க டூட்டி பார்த்துக்கினு இருந்தாரும்மா" என்று சிரித்தார் அவர். "ஒண்ணு பண்ணுங்க. மத்தியானத்துல என் வண்டி காலியாத்தான் போவுது. தினம் ஒரு ட்ரிப்பு என்கூட அனுப்புங்க. முன் சீட்ல குந்த வெச்சிக் கூட்டிக்கினு போயி, கூட்டிக்கினு வந்துடறேன். அவருக்குத் தொழில் கத்துக் குடுக்க வேணாம் பாருங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டியில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறுவார்கள். டீச்சருடைய அப்பா பைத்தியம் என்று அவர்கள் பேசுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. காரணம் அவ்வளவுதான். கண்டக்டரிடம் சொன்னது வேறு: "வெயில் ஒத்துக்காதுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்தார். "வயசானா இப்படித்தாம்மா. வீட்ல பத்திரமா வெச்சிக்குங்க" என்றார். பத்திரமாக வைப்பதென்றால் நமக்குத் தெரிந்தது பூட்டுதான். அன்று மாலையே பெரிய பூட்டாக ஒன்று வாங்கினேன்.

பூனாவில் இருந்த அண்ணன் போனில், சென்னைப் பக்கம் நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது, விசாரிக்கட்டுமா என்று கேட்டான். "பெத்த அப்பனக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளச் சொல்றியே, நாக்கு கூசல?" என்று கத்தினேன். நான் கத்தியது அக்காவின் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் நைனாவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும், நைனாவைப் பார்த்துக்கொள்ளத்தான் இவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசியபோது நான் மறுக்கவில்லை. ஆசிரியர் அறையில் என்னை எல்லோரும் மெச்சுவார்கள். அந்த வருஷம் பேச்சுப் போட்டிக்கு 'முதியோரைப் பேணுவோம்' என்று தலைப்பு கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'முதியோரே நம் வீட்டின் விளக்கு' என்று அவள் கை நீட்டிப் பேசி முதல் பரிசு வாங்கினாள். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு விளக்கு பூட்டுக்குள் இருந்தது.

பூட்டியவள் நான் ஒருத்தி மட்டுமில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசி வீட்டில் ஒரு அம்மாள். இரண்டு பிள்ளைகளும் சென்னையில். அவளே உள்ளே தாழ் போட்டுக்கொண்டு யாருக்கும் திறக்க மாட்டாள். எதிர்ச் சாரியில் ஒரு பெரியவர். மருமகள் கதவைப் பூட்டிக்கொண்டு கம்பெனி வேலைக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள், அவர் மாலை வரைக்கும் ஒரே நாற்காலியில் இருப்பார். வயதானவர்கள் இருந்த வீடெல்லாம் பகலில் ஆளில்லாத வீடு. எனக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு என்னைத் தெரியும். ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நைனாவின் பகல் எப்படிப் போயிற்று என்று அக்கா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அடுப்பைத் திருகிவிடுவார் என்று சமையலறையையும் பூட்டிவிடுவேன். கூடம், ஒரு அறை, கழிப்பறை, இவ்வளவுதான் அவருக்கு. டிபன் டப்பாவில் தயிர் சாதம், ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர். குழாயைத் திறந்து விட்டு மறந்துபோவார் என்று அதையும் தோட்டத்துப் பக்கமே அடைத்துவிடுவேன். அவர் தெருப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போகிறவர்களைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, முன்னாடி எடம் இருக்குது" என்பார். தெருவில் போகிறவர்களும், "போறம்பா, போறம்பா" என்று சொல்லிக்கொண்டே போவார்களாம்.

அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெரு முனையில் சின்னதாக ஒரு அம்மன் கோயில். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பார்கள். காலையில் பூசாரி தலையில் கரகம் வைத்து, பம்பை அடிக்க, வீடு வீடாக வருவார். ஒவ்வொரு வாசலிலும் கரகம் நிற்கும். வீட்டுக்காரர்கள் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றுவார்கள். ஊற்றின பிறகுதான் அடுத்த வீடு. பூட்டியிருக்கிற வீட்டில் மட்டும் நிற்காது. ஊருக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் தீட்டாக இருக்கும் என்று தாண்டிவிடும். ஆள் இருக்கிற வீட்டைத் தாண்டினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் என்னோடு வேலை செய்கிற ஒருத்தியின் வீட்டில் அறுபதாம் கல்யாணம். எனக்குப் போக வேண்டும் போல இருந்தது. போயே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, யாராவது பரிமாற இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் பூட்டியதற்கு வயிற்றுப் பிழைப்பு என்று சமாதானம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. அதனால் முதல் நாளே அக்காவிடம் கூழுக்கான கேழ்வரகு மாவைக் கொடுத்து, பொய்யையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"நாளைக்குப் பேப்பர் திருத்தப் போறேன்க்கா. நைனாவத் திருப்புட்குழில அத்த வூட்ல வுட்டுட்டுப் போயிடுவேன். வீடு பூட்டித்தான் இருக்கும்."

"சரிம்மா" என்றாள்.

வெளிச்சம் வருவதற்கு முன் எழுந்து, அவருக்கு டப்பாவும் சொம்பும் வைத்துவிட்டு, மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பூட்டின பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

விசேஷ வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். சிரித்துப் பேசினேன். அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, "எங்க தெரு ஜனங்க தங்கம்" என்றேன்.

கரகம் பத்து மணிக்கெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டிவிடும் என்பது என் கணக்கு. அந்த வருஷம் பம்பைக்காரர்கள் தாமதமாக வந்திருக்கிறார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் கூட்டம். பம்பைச் சத்தம் கேட்கவில்லை. ரேஷன் கடைச் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து எங்கள் ஜன்னல் நேராகத் தெரியும்.

முதலில் நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். பூட்டைப் பார்த்துவிட்டுக் கரகம் தாண்டப் போயிருக்கிறது. அப்போது உள்ளேயிருந்து ஒரு விசில், நீளமாக. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும், இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பம்பை நின்றிருக்கிறது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நைனா, காக்கிச் சட்டையோடு.

"உள்ள ஆளு இருக்குதுய்யா" என்று யாரோ சொன்னார்கள். இது என் காதிலேயே விழுந்தது.

"அத்த வூட்ல வுட்டுட்டுப் போறேன்னு சொல்லிச்சே டீச்சர்" என்றாள் அக்கா. அவள் குரல் எனக்குத் தெரியும்.

"அப்ப பூட்டுனது யாரு, குரங்கா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பூட்டை ஆட்டிப் பார்த்தார். இன்னொருவர் கடப்பாரை கொண்டுவரட்டுமா என்றார். ஆள் இருக்கிற வீட்டைத் தாண்ட மாட்டேன் என்று பூசாரி அசையாமல் நின்றார். தார் ரோட்டில் செருப்பில்லாத கால். தலையில் கரகம். அந்த வெயிலில் அவர் நின்றார். சாவி என் கைப்பையில் இருந்தது.

இருபது முப்பது அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. பட்டுப்புடவையில் இருந்தேன். தலையில் ஒரு முழம் மல்லிகை. கையில் தேங்காயும் வெற்றிலையும் போட்ட மஞ்சள் தாம்பூலப் பை. பேப்பர் திருத்தப் போனவள் இந்தக் கோலத்தில் அத்தனை பேருக்கு நடுவில் போய்ப் பூட்டைத் திறக்க முடியுமா என்பதுதான் என் கவலையாக இருந்தது. தாம்பூலப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

நைனா உள்ளே போனார். சொம்போடு திரும்பி வந்தார். சொம்பு கம்பிக்கு நடுவே நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். பிறகு கையில் ஊற்றி ஊற்றி வெளியே விட்டார். தண்ணீர் சுவரில் வழிந்தது. பூசாரி ஜன்னலுக்குக் கீழே வந்து, சுவரை ஒட்டித் தன் காலை வைத்துக்கொண்டார். கால் நனைகிற வரைக்கும் நைனா ஊற்றினார். அது மஞ்சள் தண்ணீர் இல்லை. நாள் முழுக்கக் குடிக்கட்டும் என்று நான் வைத்துவிட்டுப் போன தண்ணீர். வேறு தண்ணீர் அந்த வீட்டுக்குள் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நைனா கூட்டத்துக்கு மேலாகத் தெருவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தார். பம்பை முழங்கியது. கரகம் அடுத்த வீட்டுக்குப் போனது.

கூட்டம் திரும்பி மறைகிற வரைக்கும் நான் சுவரோடு நின்றேன். பிறகு பூவைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டேன். புடவையை என்ன செய்ய முடியும்? அப்படியே வேகமாக நடந்து வந்து, அப்போதுதான் வருகிறவளைப் போல, "என்னக்கா, பஸ்ஸே இல்ல, ஒரே கூட்டம்" என்று ஆரம்பித்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று சின்ன டம்ளரில் தண்ணீரைக் கம்பி வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நைனா அதை வாங்கி வாங்கிக் குடித்தார். அவள் என் புடவையைப் பார்த்தாள். முந்தானைக்குள் துருத்திக்கொண்டிருந்த தேங்காயைப் பார்த்தாள்.

"பேப்பர் எல்லாம் திருத்தி முடிச்சிட்டியா டீச்சர்?"

"ம்" என்றேன். அப்போதும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

அவள் டம்ளரைக் கவிழ்த்து மீதித் தண்ணீரை உதறினாள். "குரங்குக்குப் பூட்டற பூட்டுக்கு ஒரு சாவி எங்கிட்ட இருக்கட்டும். தண்ணியாச்சும் குடுப்பேன் இல்ல" என்றாள். அதட்டியிருந்தால், தெருவே கூடித் திட்டியிருந்தால், எனக்கும் நாலு வார்த்தை பதில் கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் நான் பிழைத்துக்கொள்வேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் சாவியைக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் அவளே, "எதுக்கு உள்ள வெச்சிப் பூட்டிக்கினு? போறப்போ இங்க வுட்டுட்டுப் போ. நானும் என் ஊட்டுக்காரரும் நாள் முழுக்கத் தறியிலதான் குந்திக்கினு இருக்கறோம், எங்க போவப்போறோம்?" என்றாள். தறிச் சத்தமும் பஸ் சத்தமும் ஒன்றுதான் போலிருக்கிறது, அங்கே நைனா வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் நாற்காலிப் பெரியவரும் அங்கே வந்தார். கடைசி வீட்டு அம்மாளும் தாழைத் திறந்துகொண்டு வந்து நூல் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். சாப்பாடு அவரவர் டப்பாவில். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக மட்டும் எங்களுக்குள் முறை வைத்துக்கொண்டோம். யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. இத்தனை நாள் இதைச் செய்ய விடாமல் எங்களைத் தடுத்தது எது என்று யோசித்தால், வாயைத் திறந்து கேட்காததைத் தவிர வேறொன்றும் இல்லை.

தறிக்கு மேலே டிசைனுக்காக ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய டிசைன் அட்டைகளை ஒரு கட்டாக அக்கா நைனாவிடம் டிக்கெட் என்று கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே பஞ்ச் பண்ண டிக்கெட்டும்மா, செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "சீசன் டிக்கெட்டு நைனா அது" என்று அவள் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கூடத்துக்குள் யாரும் டிக்கெட் இல்லாமல் உட்கார முடியாது.

கரகத்து அன்று நான் தெருவிலேயே நின்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தவளாகவே இருந்தேன். பட்டுப்புடவையை மன்னித்துவிட்டார்கள், பொய்யையும் மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று அவர்களுக்குத் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, சாயங்காலம் அவரைக் கூட்டிப் போக வந்தேன். அக்கா தறியில் இருந்தாள். மற்ற இருவரும் போய்விட்டிருந்தார்கள். நைனா என்னை ஏறிட்டுப் பார்த்தார். எங்கம்மா போணும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பாப்பா" என்றார். அந்தப் பெயரில் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அன்னிக்கு ஏன் ஏறல நீ?"

"என்னிக்கு நைனா?"

"ரேஷன் கட ஸ்டாப்பிங்ல நின்னுக்கினு இருந்தியே. மஞ்சப் பொடவ கட்டிக்கினு. மேளமெல்லாம் வந்துதே அன்னிக்கு. வண்டி எடுத்துட்டான். எம் பொண்ணு ஓடி வருவா, நில்லுடான்னு ஒரு விசில் குடுத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வரவே இல்ல. எவ்ளோ நேரம் நிறுத்தறது? அத்தன பேரு வெயில்ல நிக்கறாங்க. ரைட் குடுத்துட்டேன். மனசே கேக்கல."

தறி நின்றுவிட்டது. அக்கா நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நைனா நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர், அம்மா செத்ததை மறந்தவர். அவருக்கு ஏதோ பிரமை என்று நான் சொன்னால் அவள் நம்ப வேண்டியதுதான். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நின்னுக்கினுதான் இருந்தேன் நைனா" என்றேன். "நீ விசில் குடுத்து நிறுத்தின வண்டிதான். நான்தான் ஏறல."

நைனா தலையை ஆட்டினார். தன் டிக்கெட் கட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை உருவி என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"சரி, வுடு. அடுத்த தபா ஓடியாந்துடு. நான் நிறுத்தறேன்."